அப்பா அம்மாவுக்கு அமெரிக்க டிக்கெட்: பிசினஸ் கிளாஸா, நடுவில் ஓட்டல் ரூமா?

மகள் சான் ஹோசேயில் இருக்கிறாள், அல்லது மகன் டல்லாஸில். கிருஷ்ணகிரியில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வயது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. பேரப்பிள்ளையைப் பார்க்க முதல்முறை கிளம்புகிறார்கள். அம்மாவுக்கு முட்டிவலி, அப்பாவுக்கு உட்கார்ந்தபடி தூக்கம் வராது. பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கத் தயார். அந்தப் பணத்தை எங்கே போடுவது என்பதில்தான் குழப்பம். ஒருவர் "பிசினஸ் கிளாஸ் போட்டுவிடு, ராஜா மாதிரி போவாங்க" என்பார். இன்னொருவர் "அதுல கால்வாசியில துபாய்ல நல்ல ஓட்டல்ல ஒருநாள் தங்கவெச்சு அனுப்பலாமே" என்பார்.

இரண்டு பேர் சொல்வதும் சில வழித்தடங்களில் சரி, சிலவற்றில் தப்பு. மொத்தப் பயணம் எத்தனை மணி நேரம் என்பதை விட, அது எந்த இடத்தில் இரண்டாக உடைகிறது என்பதைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

பெங்களூருவிலிருந்து துபாய், தோஹா, அபுதாபி எல்லாமே நான்கு, நாலரை மணி நேரத்துக்குள். அங்கிருந்து நியூயார்க் சுமார் 14 மணி நேரம், சான் பிரான்சிஸ்கோவும் டல்லாஸும் சுமார் 16 மணி நேரம். ஆகப் பயணம் நாலும் பதினாறுமாக உடைகிறது. ஐரோப்பா வழியாகப் போனால் கணக்கு வேறு: பெங்களூரு – பிராங்க்பர்ட் பத்து மணி நேரத்தை ஒட்டி, அங்கிருந்து நியூயார்க் எட்டரை, ஒன்பது, சான் பிரான்சிஸ்கோ பதினொன்று, பதினொன்றரை. கிட்டத்தட்டப் பாதிப் பாதி.

ஓட்டல் ரூம் இந்தப் பாதிப் பாதி வழிக்குத்தான் பொருந்தும். பத்து மணி நேரம் உட்கார்ந்து வந்த உடம்பைக் கிடத்தி, குளிக்கவைத்து, அடுத்த பத்து மணி நேரத்துக்கு அனுப்பலாம். துபாயில் ரூம் போடுவது நாலு மணி நேரக் களைப்பைத்தான் தீர்க்கும். அதற்குப் பின்னால் வரும் பதினாறு மணி நேரம் குறையாமல் அப்படியே காத்திருக்கும். முட்டி மடங்கி, கால் வீங்கி, எழுந்து நடக்க வழியில்லாமல் அம்மா தவிக்கப்போவது அந்தப் பதினாறில்தான். பிசினஸ் கிளாஸ் பணம் வேலை செய்கிற இடமும் அதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போக வர எகானமி ஒருவருக்கு 1,20,000 ரூபாய், பிசினஸ் 3,80,000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் தலைக்கு 2,60,000. நீண்ட விமானத்தில் எகானமியில் விட்டு விட்டு மூன்று மணி நேரம் தூங்குபவர், படுக்கையாக விரியும் இருக்கையில் எட்டு மணி நேரம் தூங்கலாம். போகவும் வரவும் சேர்த்துக் கூடுதலாகக் கிடைப்பது பத்து மணி நேரத் தூக்கம். மணிக்கு 26,000 ரூபாய்! விமானம் மாறும் இடத்தில் உள்ள ட்ரான்சிட் ஓட்டலில் இரண்டு பேருக்கு ஆறு மணி நேர ரூம் 15,000 ஆனால், ஆளுக்கு ஐந்து மணி நேரம் தூங்கினாலும் தலைக்கு மணி 1,500-தான். தூக்கத்தை மட்டும் எடை போட்டால் ஓட்டலுக்குப் பக்கத்தில் பிசினஸ் நிற்கவே முடியாது. ஆனால் ஓட்டலில் கால் நீட்டிய சுகத்தை விமானத்துக்குள் எடுத்துப் போக முடியாது. விலை வித்தியாசம் அதற்கும் சேர்த்துத்தான்.

வரி விஷயத்திலும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. எகானமிக்குப் பழையபடி 5 சதவீதம்தான். மூன்று லட்சம் ரூபாய் கட்டணத்துக்கு வரி மட்டும் 54,000. அதே நாள் முதல் நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள ஓட்டல் ரூமுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதைத் தாண்டினால் 18. இதனால் 7,499 ரூபாய் ரூம் வரியோடு 7,874-க்கு முடியும். 7,600 ரூபாய் ரூம் 8,968-க்குப் போய் நிற்கும். நூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்துக்கு மேல் ஆகிறது. பெங்களூருவில் ரூம் தேடும்போது இந்தக் கோட்டுக்குக் கீழேயே தேடுங்கள்.

முதல் ரூம் பெங்களூரு ஏர்போர்ட் இருக்கும் தேவனஹள்ளியில்

வெளிநாட்டு ஓட்டலைப் பற்றி யோசிக்கும் முன்பே தீர்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிற விமானங்களில் பல, பெங்களூருவிலிருந்து நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் கிளம்புகின்றன. விடியற்காலை 4 மணி விமானத்துக்கு 1 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஏர்போர்ட் சுமார் 130 கிலோமீட்டர், தர்மபுரியிலிருந்து என்றால் இன்னும் ஐம்பது கிலோமீட்டர் கூட. சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்குக் கிளம்பி, அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாளம் என்று நின்று நின்று போய்ச் சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். அந்த இரவு தூக்கம் சுத்தமாகக் கிடையாது. பதினாறு மணி நேர விமானத்துக்குள் ஏறும்போதே அவர்கள் இருபத்துநாலு மணி நேரம் விழித்திருந்தவர்கள்.

இதற்கு மருந்து பிசினஸ் கிளாஸ் இல்லை. காலை பத்து மணிக்கு வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, இரண்டு மணி வாக்கில் ஏர்போர்ட் பக்கம் ரூமுக்குப் போய்ச் சேர்வதுதான். பெரும்பாலான ஓட்டல்களில் செக்-இன் மதியம் இரண்டு மணி. ஏழு மணிக்குள் இரவுச் சாப்பாட்டை முடித்து, எட்டு முதல் பன்னிரண்டு வரை தூங்கினாலே போதும், ஆள் வேறு மாதிரி இருப்பார். துபாயில் 15,000-க்கு வாங்க நினைத்த தூக்கம் இங்கே பாதி விலைக்குக் கிடைக்கிறது.

ரூமை எங்கே போடுவது என்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஓசூரிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ "மலிவாக இருக்கே" என்று போட்டால், நெரிசல் முழுக்க இன்னும் முன்னாலேயே இருக்கும். ரூம் ஹெப்பாளத்தைத் தாண்டி இருக்க வேண்டும். எலஹங்கா, சிக்கஜாலா, சாதஹள்ளி, தேவனஹள்ளி எதுவானாலும் சரி. ஊருக்குள் நுழையாமல் ஓசூர், பாகலூர், மாலூர், ஹொஸ்கோட்டே, தேவனஹள்ளி என்று சுற்றிப் போகிற வழியும் டிரைவர்களுக்குப் பழக்கம்தான். பகலில் அது நல்ல வழி. ராத்திரியில் லாரி வெளிச்சம் கண்ணை அடிக்கும், அப்போது அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வண்டி பேசும்போது இரண்டு கேள்விகள் கேட்டுவிடுங்கள். ஒன்று, டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் இருக்கிறதா? இருந்தால் நாலு பெரிய பெட்டியில் ஒன்றோ இரண்டோதான் உள்ளே போகும், மிச்சம் அம்மாவின் மடியில்தான். இரண்டு, கர்நாடகா பர்மிட்டும் டோலும் வாடகையில் சேர்ந்ததா, தனியா? வாசலில் வண்டி நிற்கும்போது பேசுகிற பேச்சு இல்லை அது.

பிசினஸ் என்றால் எல்லாம் ஒன்றல்ல

டிக்கெட்டில் "பிசினஸ்" என்றுதான் போட்டிருக்கும். உள்ளே இருப்பது விமானத்துக்கு விமானம் மாறும். பார்க்க வேண்டியது வரிசை அமைப்பு. 1-2-1 (ஜன்னல் பக்கம் ஒன்று, நடுவில் இரண்டு, மறுபக்கம் ஒன்று) என்றால் எல்லோருக்கும் நேரே நடைபாதை, யாரையும் தாண்ட வேண்டாம். தம்பதிக்கு நடுவில் இருக்கும் இரண்டும் சரியானவை, ஆனால் சில விமானங்களில் நடு இரண்டுமே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும், கை எட்டாது. எமிரேட்ஸின் புதுப்பிக்காத போயிங் 777 விமானங்களில் 2-3-2. அதில் நடு இருக்கை மாட்டினால், இரவில் பாத்ரூம் போக, படுத்திருப்பவர் காலைத் தாண்ட வேண்டும். முட்டிவலிக்காரருக்கு அது எகானமி நடைபாதை இருக்கையை விடக் கொடுமை. புதுப்பித்தவற்றில் 1-2-1 வந்துவிட்டது. ஆகவே விமான எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், சீட் மேப்பைத் திறந்து வரிசையை எண்ணுங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் மறுபடி எண்ணுங்கள். விமானத்தை மாற்றினால் நீங்கள் எடுத்துவைத்த இருக்கையும் மாறிவிடும்.

படுக்கை ஆறு முதல் ஆறரை அடி நீளம். அகலம்தான் ஏமாற்றும். தோள் பக்கம் தாராளமாக இருக்கும், கால் போகும் இடம் முன் இருக்கைக்காரரின் மேசைக்கு அடியில் ஒரு சின்னப் பொந்து. கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் உயரமானவர்களுக்கும் அது நெருக்கும். முதல் வரிசையில் பெரும்பாலும் அந்தப் பொந்து அகலமாக இருக்கும். ஆனால் குழந்தைத் தொட்டில் மாட்டுகிற இடமும் சமையல் பகுதியும் அங்கேதான் பக்கம். எது வேண்டும் என்று முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

எல்லா இருக்கையும் பட்டனை அழுத்தினால் படுக்கையாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நெடுந்தூர ஏர்பஸ் ஏ350 விமானத்தில் எழுந்து நின்று, முதுகுப் பகுதியை முன்பக்கம் கவிழ்க்க வேண்டும், அதன் பின்பக்கம்தான் மெத்தை. பணிப்பெண்ணைக் கூப்பிட்டால் செய்து தருவார். கூச்சப்பட்டுக்கொண்டு பதினாறு மணி நேரமும் சாய்ந்தே உட்கார்ந்து வந்துவிடக் கூடாது என்பதை அப்பாவிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.

பட்டன் இருக்கைகளில், பெல்ட் விளக்கு அணைந்த பிறகு, படுக்கைப் படம் போட்ட பட்டனை அழுத்தியே பிடிக்க வேண்டும். பாதியில் விரலை எடுத்தால் இருக்கை அப்படியே நின்றுவிடும். கால் பொந்தில் கைப்பையோ செருப்போ இருந்தாலும் பாதியில் நிற்கும். "ரிப்பேர்" என்று நினைத்துவிடுவார்கள். பையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினால் போதும். போர்வைக்கு மேலே பெல்ட்டைப் போடச் சொல்லுங்கள். குலுக்கல் வரும்போது பெல்ட் கண்ணுக்குத் தெரிந்தால் எழுப்ப மாட்டார்கள். போன் இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டால் மட்டும் எந்தப் பட்டனையும் தொடக் கூடாது, கையை விட்டும் தேடக் கூடாது. இருக்கை நகர்ந்து போனை நசுக்கினால் பேட்டரி தீப்பிடிக்கும். ஆளைக் கூப்பிட்டால் அவர்களே எடுத்துத் தருவார்கள்.

பிசினஸ் கிளாஸால் மாறாத சிலவும் உண்டு. காற்று எல்லோருக்கும் ஒன்றுதான். விமானத்துக்குள் அழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்துக்குச் சமம். ஏற்காடு சுமார் ஐயாயிரம் அடி, ஊட்டி ஏழாயிரத்துக்கு மேல். ஆக பதினாறு மணி நேரம் ஊட்டியில் உட்கார்ந்திருப்பது மாதிரி, அதுவும் வறண்ட ஊட்டியில். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் அழுத்தம் ஆறாயிரம் அடி அளவில் இருக்கும். இதயமோ மூச்சோ சிரமமுள்ளவர்களுக்கு வகுப்பைப் பார்ப்பதற்கு முன் விமான வகையைப் பார்ப்பது நல்லது. டாக்டரிடம் கேட்கும்போதும் இந்த உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள். காலில் ரத்தம் உறையும் ஆபத்து நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட எந்தப் பயணத்திலும் சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007 ஆய்வு சொன்னது. காரணம் அசையாமல் கிடப்பது. பிசினஸில் அசையாமல் படுத்தே கிடந்தாலும் அதே கதைதான். இரண்டு மணிக்கொருமுறை எழுந்து நடக்க வேண்டும்.

வீல்சேருக்காகப் பிசினஸ் போடுகிறவர்கள் உண்டு. அது வீண். எகானமி டிக்கெட்டிலேயே வீல்சேர் கேட்டுப் பதியலாம், செக்-இன்னிலிருந்து விமான வாசல் வரை, அங்கே இறங்கிய பிறகு இமிக்ரேஷன் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார்கள்.

சாப்பாட்டில் பெயர் ஏமாற்றும். "இந்து மீல்" என்று பதிந்தால் மாட்டிறைச்சி இருக்காது, ஆனால் கோழியோ ஆடோ மீனோ வரும். சைவக்காரர்கள் "ஏசியன் வெஜிடேரியன்" என்று பதிய வேண்டும், அதுவும் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்னால். பிசினஸிலும் இதே விதிதான்.

நடுவில் ரூம் போடுவதென்றால்

ஐரோப்பா வழி எகானமியும் நடுவில் ரூமும் என்று முடிவெடுத்தால், இரண்டு வகை ரூம் இருப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். விமான நிலையத்துக்குள்ளேயே, இமிக்ரேஷன் தாண்டாமல் தங்குவது ஒன்று. துபாய் டெர்மினல் 3-க்குள்ளும் தோஹா ஹமத் விமான நிலையத்துக்குள்ளும் இப்படி ஓட்டல்கள் உண்டு, பிராங்க்பர்ட்டில் ஒன்று உண்டு. மணிக்கணக்கில் வாடகை. வெளியே ஊருக்குள் போய்த் தங்குவது இன்னொன்று. பிராங்க்பர்ட்டில் வெளியே வர ஷெங்கன் விசா வேண்டும். அமெரிக்க விசா கையில் இருந்தாலும் அது வெளியே வர உதவாது. துபாய் வேறு மாதிரி: செல்லுபடியாகும் அமெரிக்க விசா ஒட்டிய இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கேயே கட்டணம் கட்டி 14 நாள் விசா வாங்கலாம்.

எவ்வளவு நேரம் இருந்தால் ரூம் தகும்? உள்ளே இருக்கும் ஓட்டலானால் இடைவெளியிலிருந்து மூன்று மணி நேரத்தைக் கழியுங்கள். இறங்கி, பாதுகாப்புச் சோதனை தாண்டி, ஓட்டலைக் கண்டுபிடித்து, பிறகு அடுத்த கேட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து சேர அவ்வளவு போகும். வெளியே என்றால் ஐந்து மணி நேரத்தைக் கழியுங்கள். மிச்சம் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் ரூம் வேண்டாம், லவுஞ்சில் குளித்துவிட்டு உட்காரலாம். இடைவெளி 24 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. தாண்டினால் அது மாறும் விமானமாக இல்லாமல் தனித் தங்கலாகிவிடும், கட்டணமும் ஏறும்.

பெட்டி நேராக அமெரிக்கா போய்விடும், நடுவில் கைக்கு வராது. மருந்து, மாற்றுத்துணி, அம்மாவின் கண் சொட்டு எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். இதை மறந்து, ஐந்து நட்சத்திர ரூமில் கசங்கிய புடவையோடு சர்க்கரை மாத்திரை இல்லாமல் உட்கார்ந்திருந்தால் என்ன சுகம்? ரூம் பதியும்போது இரட்டைக் கட்டிலும் ஷவரும் கேளுங்கள். குளியல் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து இறங்குவது வயதானவர்களுக்கு வழுக்கும் ஆபத்து. டெபாசிட்டுக்கு டெபிட் கார்டு கொடுக்காதீர்கள், பிடித்துவைத்த பணம் திரும்பப் பல நாள் ஆகும்.

அபுதாபி வழியில் இன்னொரு வசதி. அமெரிக்க இமிக்ரேஷனை அங்கேயே முடித்துவிடுகிறார்கள், அமெரிக்காவில் இறங்கினால் உள்நாட்டுப் பயணி மாதிரி நேரே பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரலாம். ஆங்கிலத்தில் கேள்விக்குப் பதில் சொல்லப் பயப்படுகிற பெற்றோருக்கு, பதினாறு மணி நேரக் களைப்புக்கு முன்னாலேயே அது முடிந்துவிடுவது பெரிய நிம்மதி. அந்தச் சோதனைக்கும் நேரம் பிடிக்கும், இடைவெளி மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பாருங்கள்.

எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் உள்ள பிரீமியம் எகானமியில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே சுமார் 38 அங்குலம், எகானமியில் 31, 32. கால் வைக்க நல்லது. படுக்க முடியாது. உட்கார்ந்து தூங்கத் தெரிந்தவர்களுக்குப் போதும், நம் அப்பாவுக்குப் போதாது.

எதைத் தேர்வது

வளைகுடா வழியானால், தேவனஹள்ளியில் ரூம், பெங்களூரு – துபாய் எகானமி, துபாய் – அமெரிக்கா மட்டும் பிசினஸ். ஒரே டிக்கெட்டில் இப்படி வகுப்பைக் கலந்து போடச் சொல்லி ஏஜென்ட்டிடம் விலை கேளுங்கள். சில நேரம் முழுப் பிசினஸுக்கும் இதற்கும் வித்தியாசம் கொஞ்சமாகத்தான் வரும், அப்போது முழுதாகவே போட்டுவிடலாம். ஒரு பக்கம் மட்டும்தான் பிசினஸ் கட்டும் என்றால் போகும்போது போடுங்கள். இறங்கியதும் அதிகாரி முன்னால் தெளிவாக நிற்க வேண்டும். பெரும்பாலும் பெட்டியும் அந்தப் பக்கம்தான் கனம்: பிசினஸில் வழக்கமாகத் தலைக்கு 32 கிலோ வீதம் இரண்டு, எகானமியில் 23 வீதம் இரண்டு. கிருஷ்ணகிரி மாம்பழத்தைப் பெட்டியில் வைத்தால் அங்கே பிடுங்கிவிடுவார்கள். மாங்கூழ் டின்னாக வாங்கிச் செக்-இன் பெட்டியில் வைத்து, அதிகாரியிடம் சொல்லிவிட்டால் தடையில்லை.

எகானமி எடுத்துவிட்டு, பிறகு ஏலம் கேட்டு மேல்வகுப்புக்குப் போகும் வழியும் இருக்கிறது. கிடைத்தால் லாபம். ஆனால் பல நிறுவனங்களில் பெட்டி எடை பழைய எகானமிக் கணக்குத்தான், இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் கிடைத்துவிடும் சங்கடமும் உண்டு. நிச்சயம் வேண்டும் என்பவர்கள் இதை நம்ப வேண்டாம்.

ஐரோப்பா வழியானால், எகானமியோ பிரீமியம் எகானமியோ போதும், நடுவில் உள்ளேயே ஒரு ரூம். மிச்சமாகும் பணம் லட்சங்களில் இருக்கும்.

திரும்பி வரும்போது விமானம் பெரும்பாலும் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு இறங்கும். அந்த நேரத்தில் ஏர்போர்ட் பக்கம் ரூம் போட்டால் முந்தைய நாள் வாடகையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பெற்றோருக்கு அது தேவையில்லை, வண்டியிலேயே தூங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஊரிலிருந்து ராத்திரி வண்டி எடுத்து வந்து, நாலு மணிக்கு அதே ஓசூர் ரோட்டில் திரும்புகிற டிரைவருக்குத்தான் தூக்கம் வேண்டும். அவரைச் சாயங்காலமே வரச் சொல்லி, சாதஹள்ளிப் பக்கம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு ஒரு சாதாரண லாட்ஜ் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.